ஆறரை மணி வெளிச்சம்

என் மயினி யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டாள். அண்ணனைக் கல்யாணம் செய்து எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. மிக்சியின் பெரிய ஜாரைக் கழுவும்போது நான் கைதவறிக் கீழே போட்டுவிட்டேன். மூடி இரண்டாகப் பிளந்துவிட்டது. சத்தம் கேட்டு அம்மா பின்கட்டிலிருந்து வருவதற்குள், மயினி என் கையிலிருந்த ஜாரை வாங்கிக்கொண்டு, "நான்தான் அத்தை, சோப்புக் கையோட பிடிச்சிட்டேன்" என்றாள். புது மருமகள் என்பதால், "பாத்துச் செய்யணும்மா" என்பதோடு அம்மா போய்விட்டாள். நான் மயினியைப் பார்த்தேன். ஒரு கண்சிமிட்டலாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் பாட்டுக்கு உடைந்த மூடியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பிறகொரு நாள் எதிர்வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுக்கையில் அவளுடைய ஸ்கூட்டரில் இடித்துவிட்டார். வாசல் நடையில் நின்று நாங்கள் இரண்டு பேருமே பார்த்தோம். சனிக்கிழமை பெங்களூரிலிருந்து வந்த அண்ணன் நசுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது யாரு செஞ்ச வேலை?" என்று கத்தினான். "தெரியலியே, மார்க்கெட்ல நிப்பாட்டுன எடத்துல எவனோ இடிச்சிருப்பான்" என்றாள் மயினி. அண்ணன் உள்ளே போனதும், "ஏன் மயினி?" என்று கேட்டேன். "பாவம், அவருக்கே தெரியாது. தெரிஞ்சா சங்கடப்படுவாரு. பரவால்ல, வுடு" என்றாள்.

இந்த 'பரவால்ல' அவள் வாயில் ஒரு நாளைக்குப் பத்து தடவை வரும். குழம்பில் காரம் தூக்கலாக இருந்தாலும் பரவால்ல. அண்ணன் இந்த வாரம் வரவில்லை என்று போன் செய்தாலும் பரவால்ல. அவளுடன் வாழ்வது எனக்கு மிக வசதியாக இருந்தது. அந்த வசதியை நான் எப்படிப் பயன்படுத்திக்கொண்டேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவளுக்குத் திசையன்விளை. அப்பா முருங்கைக்காய் வியாபாரி. அம்மா சின்ன வயதிலேயே இறந்துபோனாள். செம்மண் காட்டில், கண்ணுக்கெட்டும் தூரம் வரை மறைப்பே இல்லாத வெயிலில் வளர்ந்தவள். எங்கள் வீடோ திருநெல்வேலி டவுனில், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்களோடு ஒட்டிய, ரயில்பெட்டி மாதிரி நீண்ட வீடு. முன்னால் தெருவாசல், பின்னால் குழாயடி. நடுவில் இருந்த சின்ன முற்றத்தையும், குரங்கு வருகிறது என்று அப்பா இருந்த காலத்திலேயே தளம் போட்டு மூடிவிட்டோம். அதனால் நடு அறையில் பகல் பன்னிரண்டு மணிக்கும் டியூப்லைட் போட்டால்தான் முகம் தெரியும். வந்த புதிதில் மயினி ஒரு தடவை, "இங்கன மணியே தெரிய மாட்டேங்கு" என்றாள். உடனே "பரவால்ல, வெக்கை இல்லாம இருக்கு" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அம்மா இல்லாதவள் என்பதால் பிரசவத்தை எங்கள் வீட்டில்தான் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பையன் பிறந்தான். அந்த நடு அறையில்தான் அவளையும் குழந்தையையும் வைத்திருந்தோம். பச்சை உடம்புக்காரிக்குக் காற்று படக்கூடாது என்று அம்மா கதவையும் சாத்தியே வைப்பாள். அம்மா அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். வெந்நீர் வைத்து ஊற்றினாள், பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள், இரவில் குழந்தை அழுதால் முதலில் எழுவதும் அம்மாதான். மயினி மட்டும் எங்களை விட்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். தலையை வாரிவிட வேண்டும் என்றால் தலையைக் கொடுப்பாள், அவளாக வாரமாட்டாள். "என்ன செய்யுது மயினி?" என்று கேட்டால், "ஒண்ணும் செய்யல" என்பாள். தன்னைத் தின்றுகொண்டிருந்த நோயைக்கூட அவள் காட்டிக்கொடுக்கவில்லை.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போனபோது அங்கிருந்த நர்ஸ்தான் கண்டுபிடித்தார். குழந்தை வீறிட்டு அழுதும் மயினி அசையாமல் இருந்ததைப் பார்த்து, எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கால்மணி நேரம் அவளோடு பேசினார். பிறகு அம்மாவிடம், "இது கொழுப்போ சோம்பேறித்தனமோ இல்லம்மா. பிள்ளை பெத்த நெறையப் பேருக்கு வரும். டாக்டரைப் பாத்துருங்க" என்றார்.

பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். ஐம்பது வயதுப் பெண்மணி, எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டார். மாத்திரை என்றதும் மயினி முதல் தடவையாகத் தானாக வாய் திறந்தாள்.

"பால் குடுக்கணும் டாக்டர். இவன் எங்கிட்ட பால் குடிக்கும்போது மட்டுந்தான் நான் ஒருத்தி இருக்கேன்னே எனக்குத் தெரியுது."

பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன என்று டாக்டர் விளக்கினார். ஆனாலும் அவளுக்கு மனமில்லை என்பதைப் பார்த்து, "நோய் இன்னும் ரொம்ப முத்தலை. முதல்ல வெளிச்சத்தை வச்சுப் பார்ப்போம். கேக்கலேன்னா மாத்திரை. அப்ப மறுக்கக் கூடாது" என்றார்.

"வெளிச்சமா?" என்று அம்மா சிரித்துவிட்டாள். "திருநவேலியில இல்லாத வெளிச்சமா டாக்டர்?"

"ஊர்ல இருக்கு. உங்க மருமக இருக்கற ரூம்ல இருக்கா?"

காலையில் மாடியில் அரைமணி நேரம் உட்கார்ந்தாலே போதும் என்றார் டாக்டர். எங்கள் மாடிக்கு இரும்பு ஏணிதான் உண்டு. வயிற்றில் தையல் போட்டவள் எப்படி ஏறுவாள்? தெருவாசலில் உட்கார அம்மா சம்மதிக்க மாட்டாள். அதனால் ஒரு விளக்கை எழுதிக் கொடுத்தார். வீட்டு டியூப்லைட்டை விடப் பல மடங்கு பிரகாசமானது, இந்த வைத்தியத்துக்கென்றே செய்தது. தினமும் காலை ஆறரை மணிக்கு அரைமணி நேரம், ஒரு கை தூரத்தில் அதை வைத்து உட்கார வேண்டும். உற்றுப் பார்க்க வேண்டியதில்லை, கண் திறந்திருந்து வெளிச்சம் முகத்தில் விழுந்தால் போதும். நாள் தவறக்கூடாது. தேதி போட்ட ஒரு தாளை என்னிடம் கொடுத்து, "நீங்க பிள்ளையை வச்சுக்கிட்டு இவங்களை உக்கார வைங்க. உக்காந்த அன்னைக்கு டிக் அடிங்க" என்றார். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. படிப்பை முடித்துவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் விளக்கை ஆன்லைனில் வாங்கி அனுப்பினான். பரீட்சை அட்டை அளவில் வெள்ளைப் பலகை. சுவிட்சைப் போட்டதும் நடு அறையின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்தது. சுவரில் இருந்த விரிசல்களை அன்றுதான் நான் பார்த்தேன்.

முதல் பத்து நாட்கள் ஒழுங்காகச் செய்தேன். ஆறரைக்குத் தோளைத் தொட்டு எழுப்புவேன். மயினி மறுபேச்சில்லாமல் எழுந்து விளக்கின் முன் உட்கார்வாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான் பக்கத்தில் இருப்பேன். அப்போது வந்த ஒரு காலையை மறக்க முடியாது. விளக்கை அணைத்துவிட்டு எழுந்தபோது மயினி, "அத்தை, இன்னைக்கு மீன்காரம்மா வந்தா சாளை வாங்குவமா?" என்று கேட்டாள். குழாயடியில் நின்ற அம்மாவின் கையிலிருந்து குடம் நழுவித் தண்ணீர் எல்லாம் கொட்டிப்போனது. இரண்டு மாதத்தில் அவள் கேட்ட முதல் பொருள் அது. அம்மா மீன்காரம்மாவுக்குக் காத்திருக்காமல் தானே மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி வந்தாள்.

அந்த வாரத்தில்தான் பரீட்சைத் தேதியை அறிவித்தார்கள். அதற்கு முந்தின தடவை இரண்டு மார்க்கில் தோற்றிருந்தேன். இதுதான் கடைசி, அடுத்து மாப்பிள்ளை பார்ப்பது என்று அம்மா சொல்லியிருந்தாள். ஒரு நாள், இரவெல்லாம் குழந்தை படுத்திய பிறகு மயினி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எழுப்பப் போன நான், பாவம் உறங்கட்டும் என்று நினைத்தேன். அன்று அது இரக்கம்தான். விளக்கை எடுத்து முன்னறைக்குக் கொண்டுபோய், சும்மா இருப்பானேன் என்று என் புத்தகத்துக்கு எதிரே வைத்தேன். கொட்டாவி விட்டுக்கொண்டே படிக்கிற எனக்கு அந்த வெளிச்சத்தில் தூக்கம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அரைமணியில் முப்பது கணக்குகள் போட்டேன்.

மறுநாளும் எடுத்தேன். அதற்கு மறுநாள் இரக்கத்தின் பேச்சே இல்லை. ஆறரைக்குப் பையப் போய்ச் சத்தமில்லாமல் பிளக்கைப் பிடுங்குவேன். அந்த நேரத்தில்தான் குழாயில் தண்ணீர் வரும். அம்மா பின்னால் குடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். அவள் முன்னால் வருவதற்குள் விளக்கு பழைய இடத்துக்குப் போயிருக்கும். "உக்காந்தாளா?" என்பாள் அம்மா. "உக்காந்தாவ" என்பேன். வாரக் கடைசியில் ஏழு நாளுக்கும் ஒரே மூச்சில் டிக் அடிப்பேன். சந்தேகம் வரக்கூடாது என்று இரண்டு வேறு பேனாக்களால் அடித்தேன். இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மயினி மறுபடி சுருங்கிப்போனாள். மீன் கேட்டவள் சோறு வேண்டாம் என்றாள். அம்மாவுக்கும் பொறுமை போய்விட்டது. "ஊர்ல எவளும் பிள்ள பெறலியா? லைட்டு வச்சும் அப்படியே கெடக்காளே" என்று ஒருநாள் அவள் காதுபடவே சொன்னாள். நான் முன்னறையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதைக் கேட்டேன். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பரீட்சை முடியட்டும், அப்புறம் ஒழுங்காக உட்காரவைக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பரீட்சைக்கு முன்பே டாக்டரிடம் போகிற நாள் வந்துவிட்டது. டாக்டர் தாளை விரித்தார். முழுத் தாளும் டிக். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. தாளை மேஜையில் வைத்துவிட்டு மயினியைப் பார்த்துக் கேட்டார்:

"தினமும் உக்காந்தீங்களாம்மா? ஒருநாளும் விடலையே?"

மயினி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை, கேள்வியும் இல்லை. பிறகு டாக்டரிடம் திரும்பினாள்.

"உக்காந்தேன் டாக்டர். விடல."

"அப்ப உங்களுக்கு இது கேக்கலம்மா. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. உங்க தப்பு இல்ல" என்று சொல்லிவிட்டு, மாத்திரை எழுதினார். பால் கொடுக்கலாம், பயமில்லை என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

அம்மா ஆட்டோவிலேயே முடிவு செய்துவிட்டாள். "மண்டைக்குக் குடுக்குற மாத்திர. அந்தப் பால் பிள்ளைக்கு ஆகுமா?" அண்ணனும் போனில் பயந்துபோய், "ரிஸ்க் எதுக்கும்மா?" என்றான். மயினியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பரவால்ல என்றுதான் சொல்லியிருப்பாள் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அன்று சாயங்காலம் அம்மா மல்லிகைப்பூவைச் சரஞ்சரமாக வாங்கிவந்து, பால் வற்றுவதற்காக அவள் மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். நான் முன்னறையில் புட்டிப்பாலைக் குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்தேன். அவன் ரப்பரைத் துப்பிவிட்டு முகம் சிவக்க அழுதான். அந்த அழுகையைக் கேட்டு நடு அறையில் அவளுக்குப் பால் சுரந்து, கட்டின துணி நனைந்துபோனது. அம்மா பூவை மாற்றிக் கட்டினாள். நாலைந்து நாட்கள் வீடு முழுக்க மல்லிகை வாசம். அந்த வாசத்துக்குள் உட்கார்ந்து நான் கணக்குப் போட்டேன்.

மாத்திரை அவளை மீட்டது. அதைச் சொல்லாவிட்டால் இன்னொரு பொய் சொன்னவளாவேன். மூன்று நான்கு மாதத்தில் அவளாகத் தலை வாரினாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவாசலில் நின்றாள். அதற்குள் பால் முற்றிலும் வற்றிவிட்டது. குழந்தை என்னிடமும் அம்மாவிடமும் ஒட்டிக்கொண்டதுபோல அவளிடம் ஒட்டவில்லை. அவள் தூக்கினால் நெளிவான். "பரவால்ல, அங்கன இருக்கட்டும்" என்று என் கையில் திருப்பிக் கொடுப்பாள்.

நான் பரீட்சையில் தேறினேன். வேலை கிடைத்த அன்று மயினிதான் எனக்கு முதலில் இனிப்பை ஊட்டினாள். "காலைல எந்திரிச்சுப் படிச்ச படிப்புல்லா" என்றாள். அவளுக்குத் தெரியும் என்று எனக்கு அப்போது தோன்றியது. அவள் குத்திக்காட்டுகிறவள் இல்லையே என்றும் தோன்றியது. நான் இனிப்பை விழுங்கிவிட்டேன். பிறகு அண்ணன் ஓசூரில் வீடு எடுத்து இருவரையும் கூட்டிக்கொண்டு போனான். விளக்கு எங்கள் வீட்டுப் பரணுக்குப் போனது. மயினிக்கு லைட்டு வைத்தியம் கேட்கவில்லை, அவள் உடம்பு அப்படி என்பது குடும்பத்தில் நிலைத்துவிட்டது.

இதெல்லாம் நடந்து ஏழு வருஷமாகிறது. போன தை மாதம் மயினி லீவுக்கு வந்திருந்தபோது சீவலப்பேரி சித்தி வந்தாள். அவளுடைய மகளுக்குப் பிரசவமாகி இரண்டு மாதம். அதே கதை. டாக்டர் அதே விளக்கைச் சொல்லியிருக்கிறார்.

"ஒங்க வீட்ல ஒண்ணு சும்மா கெடக்காமே. ஒனக்கு அது கேட்டுச்சாம்மா?" என்று மயினியிடம் கேட்டாள் சித்தி.

மயினி என் பக்கம் திரும்பாமலே, "எனக்கு ஒத்துக்கல சித்தி. ஆனா அவளுக்குக் கேக்கலாம். குடுத்துப் பாருங்க" என்றாள்.

"ஒனக்கே கேக்கலியாம், அதை என்னதுக்குச் சொமந்துட்டுப் போகணும்?" என்று சித்தி எழுந்தாள்.

"சித்தி, மயினி உக்காரவே இல்ல" என்றேன். "பத்து நாள்தான் உக்காந்தாவ. அந்தப் பத்து நாள்ல சாளை வேணும்னு கேட்டாவ. அப்புறம் நான் எழுப்பல. லைட்ட நான் எடுத்துட்டுப் போய்ப் படிச்சேன். டிக் எல்லாம் நான் அடிச்ச பொய்."

"என்னட்டி சொல்லுத?" என்றாள் அம்மா. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று மார்பில் பூ வைத்துக் கட்டின தன் கையை அவள் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

மயினி எழுந்து அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். அவள் அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள்.

"இப்ப எதுக்கு அதைச் சொன்ன? அத்தை மனசு ஒடஞ்சு போயிட்டாவ, பாரு."

"நீங்க ஏன் மயினி அன்னைக்கே டாக்டர்ட்ட சொல்லல?"

களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தாள். அது முடியும் வரை காத்திருந்தேன்.

"நான் உறங்கல. முழிச்சேதான் கெடப்பேன். நீ வந்து பைய பிளக்கப் புடுங்குறது கேக்கும். அப்பாடா, எழுப்பாமப் போயிட்டாளேன்னு இருக்கும். எனக்கும் எந்திரிக்க வேண்டாம்னுதான் இருந்துச்சு."

அதைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. அவளுக்கும் விருப்பமில்லை, என் மேல் மட்டும் தப்பில்லை என்று மனம் அவசரமாக ஒரு வாசலைக் கண்டுபிடித்தது. அவள் அதைக் கவனித்திருக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி என்னை நேராகப் பார்த்தாள்.

"அந்த நோவுல அப்படித்தான் இருக்கும்ளா. தண்ணிக்குள்ள போறவளுக்குக் கை நீட்டத் தோணாது. நீ இழுத்திருக்கணும்."

இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே குறை அது. பரவால்ல என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று நான் நின்றேன். அவள் அரிசியை உலையில் போட்டு மூடினாள்.

சித்தி அன்று விளக்கை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து காலை ஆறரைக்கு நான் சித்தி மகளுக்குப் போன் செய்கிறேன். டாக்டர் அவளுக்கு மாத்திரையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார். இப்போது கொஞ்சம் தேவலை. எதனால் தேவலை என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. மயினியிடம் இதை நான் சொல்லவில்லை. ஓசூருக்குப் போன பிறகு அவள் அதைப் பற்றி எதுவும் கேட்கவும் இல்லை.

நேற்று சித்தி மகள் எட்டாவது தடவை அடித்தபோதுதான் எடுத்தாள். "அக்கா, ஒருநாள் வுட்டுருங்க. இன்னைக்கு மட்டும்" என்றாள். எந்திரிச்சு உட்கார் என்றேன். மாட்டேன் என்றாள். சுவிட்சைப் போடு, சத்தம் எனக்குக் கேட்கணும் என்றேன். "ஒங்களுக்கு வேற சோலியே இல்லையா? வெளங்குவியளா நீங்க?" என்று அழுதுகொண்டே ஏசினாள். ஏசட்டும் என்று இருந்தேன். போனை நான் வைக்கவில்லை.